லேசர் படிக்கிற பொண்ணு

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணாமலை நகர். விடியும்போதே மழை. விடுதி வராந்தாவில் காயப்போட்ட சுடிதார் இரண்டும் ஈர வாடை.

ஒரு நல்ல செய்தி. காலையில் கணினியில் ஓட்டிவிட்ட கணக்கு மத்தியானம் முடிந்தது, வளையம் வந்துவிட்டது! நடுவில் இருட்டு, சுற்றி வெளிச்சம். இருட்டின் அகலம் அலைநீளத்தில் பாதிகூட இல்லை. பக்கத்து நாற்காலி ஜெயசீலன் எட்டிப் பார்த்து, "வடை சின்னதாயிடுச்சே, மாவு பத்தலயா?" என்றான். நடுவில் ஓட்டை விழுந்த ஒளிக்கற்றைக்கு எங்கள் லேபில் வடை என்றுதான் பெயர். திங்கட்கிழமை சினாப்சிஸ் செமினார், தீசிஸ் கொடுக்கும் முன் ஆராய்ச்சி முழுக்கச் சொல்லிக் காட்ட வேண்டும். அதற்குள் படங்கள் எல்லாம் தயாராக வேண்டும்.

லேப் என்பதும் மரியாதைக்குத்தான். மூன்று கணினி, ஒரு ஃபேன். லேசரை லென்ஸ் வைத்து ஒரு புள்ளியில் இறுக்கிக் குவித்தால் அந்தப் புள்ளி எப்படி இருக்கும் என்று வருடக்கணக்காகக் கணக்குப் போடுகிறேன். நிஜ லேசரைத் தொட்டதில்லை, பாடம் நடத்தும் சிவப்பு பாயிண்டர் தவிர.

சாயங்காலம் அம்மா போன். அப்பாவின் வலது கண்ணில் கறுப்பு நூல் நூலாக மிதக்கிறதாம். சுகர் கண்ணுக்கு ஏறிவிட்டது. கடலூர் செம்மண்டலத்துக் கண் டாக்டரம்மா தள்ளிப்போடாமல் வியாழனே லேசர் வைக்கச் சொல்லிவிட்டாராம். அப்பா அவரிடம், "எம்பொண்ணு லேசர்லதான் டாக்டர் பட்டம் வாங்கப்போவுது. அத ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்று எழுந்து வந்துவிட்டார்.

"நீ என்னாடி சொல்ற?" என்கிறாள் அம்மா.

அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். நான் என்னத்தைச் சொல்ல!

நவம்பர் 5, புதன்

சரியான தூக்கமில்லை. மழை தூறல்.

தெரிந்தது: ஒளி எங்கே குவியும், எவ்வளவு சின்னதாகக் குவியும், அங்கே எவ்வளவு சூடு.
தெரியாதது: அப்பாவின் கண்.

என் கணக்கில் லென்ஸ் அசையாது. அப்பா அசைவார். சலூனில் முடி வெட்டும்போதே நாலு தடவை திரும்பிப் பார்க்கிற ஆள். மனசு கேட்காமல் கற்றையை மையத்திலிருந்து இம்மி தள்ளி வைத்து மறுபடி ஓட்டினேன். வடை ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. இத்தனை நாள் இதை ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை?

கைடு சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் படத்த திங்கக்கிழம போடாதம்மா. தேவையில்லாம கேள்வி வரும்."

"உள்ளதுதான சார்?"

"உள்ளதுதான். எப்ப சொல்லணும்னு ஒண்ணு இருக்குல்ல?"

பற்றிக்கொண்டு வந்தது. உள்ளதை மறைத்து ஒரு பட்டமா? படத்தை எடுக்க மாட்டேன். எடுக்கவே மாட்டேன்.

அப்பா விஷயமும் கேட்டேன். "அது வேற லேசர், ஒன்னோடது வேற. டாக்டர் சொன்னா உடனே வச்சிடுங்க" என்றார். இதில் மட்டும் சார் சரி.

ஊருக்குக் கிளம்பினேன், பஸ்ஸில் ஜன்னல் மூட வரவில்லை, கடலூர் வரை சாரல். வீட்டுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு அத்தை, "மூஞ்சில முடி எடுப்பாங்களே, அந்த லேசரா நீ படிக்கிற?" இல்லை அத்தை. அவளுக்கு ஏமாற்றம்.

அப்பா வஞ்சிரம் வாங்கி வைத்திருந்தார். முள் எடுக்கத் தடுமாறினார். நான் பார்க்காத மாதிரி சாப்பிட்டேன். "நாளைக்கு வச்சிக்கலாம்ப்பா, பயமில்ல" என்றேன். பயம் முழுக்க எனக்குத்தான்.

நவம்பர் 6, வியாழன்

ஆஸ்பத்திரியில் கூட்டம். அப்பாவுக்குக் கண்பாப்பா விரியச் சொட்டு மருந்து விட்டு பெஞ்சில் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர் போல இருந்தார், பொறுமையாகச் சொன்னார். "போன பார்வ திரும்பாதுங்க. இருக்கறது போவாம காப்பாத்தத்தான் லேசர். அவருக்கும் புரியற மாதிரி சொல்லிடுங்க." சரி என்று தலையாட்டினேன்.

வெளியே வந்தால் அம்மா துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"வாயத் தொறக்காத. சொன்னா எழுந்து போயிடுவாரு. அப்பறம் இருக்கறதும் பூடும்."

பெஞ்சுக்கு வந்தேன். அப்பா காலடிச் சத்தத்திலேயே கண்டுகொண்டார்.

"டாக்டரம்மா என்னா சொல்லுது பாப்பா? தை பொறந்தா போட்ட கடலுக்கு எடுத்துடலாம்ல?"

அப்பா விசைப்படகு டிரைவர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. கரையில் சும்மா உட்கார்ந்தால் எல்லார் மேலும் எரிந்து விழுவார்.

"எடுத்துடலாம்ப்பா."

"பார்வ வந்துடும்?"

அம்மா என்னையே பார்க்கிறாள்.

"நீ சொல்லு. நீ சொன்னா உக்கார்றேன். வேற எவன் சொன்னாலும் நான் நம்பறதா இல்ல."

"வந்துடும்ப்பா."

சொல்லிவிட்டேன். என் வாயாலேயே.

கூட யாரும் உள்ளே போகக் கூடாது. கதவு சாத்தினார்கள். அசையாதேப்பா, அசையாதேப்பா என்று வெளியே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார்.

அப்பா வந்தார். சிரித்த முகம். "பச்ச பச்சயா அடிச்சுது. சுருக்கு சுருக்குனு கொஞ்சம் வலி. நான் ஆடல அசங்கல, டாக்டரம்மாவே நல்லா ஒத்துழைக்கிறீங்கன்னுச்சு!" ஆட்டோக்காரரிடமும் ஆரம்பித்துவிட்டார், "இத படிக்கிறதே எம்பொண்ணுதான்" என்று. நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். துணியெல்லாம் வெளியே.

எழுந்தபோது அப்பா வாசலில். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு தெருவைப் பார்க்கிறார். கையை எடுக்கிறார், மறுபடி பொத்துகிறார். உள்ளே வந்து என் எதிரில் குந்தி, பொத்தியபடியே என் முகத்தைப் பார்த்தார்.

"கலங்கலாதான் இருக்குது. ஒம் மூக்கு தெரியல. எத்தினி நாள்ல வரும்?"

ஒரு வாரம் என்று வாய்வரை வந்துவிட்டது.

"வராதுப்பா."

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா சொன்ன அதே வார்த்தைகள். இருக்கறது போவாம காப்பாத்தத்தான்.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"நேத்து சொல்லியிருந்தா நான் உக்காந்திருக்க மாட்டேன்."

"அதனாலதான்ப்பா…"

அப்பா திட்டியிருந்தால் தேவலை. கையைக் கண்ணிலிருந்து எடுத்துக் கைலியில் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த லேசர் என்னைக்கு?"

"இருபதாந்தேதி."

"போறேன். ஆனா நீ வராத. உங்கம்மா வரட்டும். அவ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டா."

அடுப்படியில் அம்மா. பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வாயைத் திறக்காதே என்றது அம்மாதான் என்று நானும் சொல்லவில்லை.