இரண்டு விரல் இடம்

சார்,

நீங்கள் செதுக்கிய அளவுக்குச்சி இப்போது என் கடையில், வெங்காயத் தராசுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. போத்தனூர் தையல்காரர் லீவு முடிந்து இங்கே ராசல்கைமாவுக்குத் திரும்பியபோது கொண்டுவந்து கொடுத்தார். "ஏர்போர்ட்ல இது என்னான்னு கேட்டு உயிரை எடுத்துட்டானுங்க பாய். ஏரோப்ளேன் டேங்க்ல பெட்ரோல் அளக்கற குச்சின்னா எவன் நம்பறான்?" என்று அலுத்துக்கொண்டார். குச்சியோடு ஒரு கவரும் இருந்தது. உங்கள் வீட்டம்மா எழுதியது.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது என்று அந்தக் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நின்றபடியே படித்தேன். பட்டாணியரான டிரைவர் ஒருவர் வந்து, "பாய், இரண்டு கிலோ பியாஸ், ஜல்தி" என்றார். வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தேன். சரியாகத்தான் நிறுத்தேன். அடுத்தவருக்கு ரொட்டி, அதற்கடுத்தவருக்குத் தயிர். கடையைச் சாத்துகிற வரைக்கும் எல்லாம் வழக்கம் போலவே நடந்தது. அழுகை வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இன்றைக்கு ஒன்பதாவது நாள், இன்னும் வரவில்லை. கை கால் மரத்துப்போனால் உதறிவிடலாம். இதை எதைக் கொண்டு உதறுவது என்று தெரியவில்லை சார்.

குச்சியை முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாசம் சுத்தமாகப் போய்விட்டது.

முதன்முதலாக நீங்கள் இந்தக் கடைக்கு வந்தது சாமான் வாங்க இல்லை. ஒரு சீட்டு மெத்தையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து, "தராசைக் கொஞ்சம் குடுக்கறீங்களா பாய்? இதை நிறுத்துப் பாக்கோணும்" என்றீர்கள். வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு வைத்தேன். ஒரு கிலோ நூறு கிராம். உங்கள் முகம் சுருங்கிவிட்டது. "நூறு கிராம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, மெத்தையைப் பிரித்து உள்ளேயிருந்த பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து எடுத்தீர்கள். இந்த ஆளுக்குக் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஷெட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். இந்த ஊரில் இருந்த சின்ன ஃப்ளையிங் கிளப்பின் ஓரத்து ஷெட் அது. மூன்று மரப்பெட்டிகளில் துண்டு துண்டாக வந்த விமானம். ஐரிஷ்காரர் ஒருவர் ஆசையாக வரவழைத்துவிட்டு, பாதியில் வேலை மாறிப் போகும்போது உங்களிடம் விட்டுவிட்டுப் போனாராம். நீங்கள் பெரிய விமானங்களைப் பழுது பார்க்கிற எஞ்சினியர். வாரம் ஆறு நாள் டியூட்டி, வெள்ளிக்கிழமை இது. கிளப் விமானங்களையும் பார்த்துக்கொடுத்து, அதற்குப் பதிலாகப் பறக்கக் கற்றுக்கொண்டவர். நான் பார்த்தபோது அதற்கு இறக்கை மாட்டவில்லை. தொட்டால் தெர்மாகோல் மேல் துணி ஒட்டிய மாதிரி இருந்தது.

"அல்லாவே, இதுலயா சார் ஏறப்போறீங்க?" என்றேன்.

"ஏறறது மட்டுமில்லீங்க பாய். இதுல சலாலாவுக்குப் போகப்போறேன். நடுவுல எங்கியும் எறங்காம."

சலாலா ஓமானின் அந்தக் கோடியில் இருக்கிறது. இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டர், முக்கால்வாசியும் வெறும் மணல். ஏன் சார் சலாலா என்று கேட்டேன். "இங்க நெருப்பா எரியறப்ப அங்க தூறல் போடுமுங்க. மலையெல்லாம் பச்சை. எங்க வால்பாறை மாதிரி. ஒரே டேங்க்ல மழைக்குப் போய்ச் சேரோணும் பாய், அவ்ளோதான்" என்றீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நீங்கள் சொன்னபோது எனக்கே அந்தத் தூறல் மேலே பட்ட மாதிரி இருந்தது.

அதன்பிறகு என் வெள்ளிக்கிழமைகள் உங்களுடையதாகிவிட்டன. நான்கு வருடம் சார். கதவுக் கீல், போல்ட், பெயின்ட் டப்பா எல்லாம் என் தராசில் ஏறி இறங்கின. கஸ்டமர்கள் நிற்க, நீங்கள் ஒரு திருகாணியை நிறுத்துக்கொண்டிருப்பீர்கள். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதைப் பற்றி நீங்கள் பேசாத நாள் இல்லை. இறக்கையில் ஒரு பூச்சி ஒட்டியிருந்தாலும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்வீர்கள், காற்றைக் கெடுக்கும் என்று. ஒருமுறை என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பறந்தபோது, சிவப்புக் குமிழ் ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தீர்கள். எஞ்சின் லேசாகச் செருமியது. சாகும்போது சொல்கிற கலிமா எனக்கு வாய்க்கு வந்துவிட்டது. நீங்கள் குமிழை ஒரு நூல் உள்ளே தள்ளினீர்கள், சத்தம் பழையபடி ஆனது. "பயப்படாதீங்க. இவ்ளோ பெட்ரோல் போதும்னு அதுவே சொல்லுது. நாமதான் ஊத்தி ஊத்திக் கெடுத்து வச்சிருக்கறோம்" என்றீர்கள். கீழே என் கடைத்தெரு தீப்பெட்டி அளவில் தெரிந்தது.

கிளப் செயலாளர் கறார் பேர்வழி. நரைத்த மீசை வெள்ளைக்காரர். நான்கு மணி நேரம் இங்கேயே சுற்றிப் பறந்து காட்டு, எண்பது லிட்டருக்குள் முடித்தால் சலாலா போகக் கையெழுத்துப் போடுகிறேன், ஒரு லிட்டர் கூடினாலும் கிடையாது என்றுவிட்டார். பாலைவனத்தின் நடுவில் பெட்ரோல் தீர்ந்தால் யார் பதில் சொல்வது என்பது அவர் பேச்சு. உங்களுக்கு அதில் கோபமில்லை. எழுபத்தொன்பதரைக்கு மேல் போகாது என்று அடித்துச் சொன்னீர்கள். உங்கள் காண்ட்ராக்ட் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. இதை விட்டால் வேறு வருடம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை. மே மாதம். விடிந்த கையோடு விமானத்தை வெளியே தள்ளி நிறுத்தினோம். இருபது லிட்டர் கேன் ஏழு, செயலாளர் பார்த்து எண்ணி வைத்தது. ஏழையும் ஊற்றினால் டேங்கின் வாயிலிருந்து சரியாக இரண்டு விரல் கீழே நிற்கும் என்று முன்பே அளந்து வைத்திருந்தீர்கள். "பாய், அந்த ரெண்டு விரல் எடம் காலியா இருக்கோணும். வெயில் ஏறுனா பெட்ரோல் உப்பும். எடமில்லீன்னா காத்துக்குழாய் வழியா ஒழுக ஆரம்பிச்சுரும், ஒழுக ஆரம்பிச்சா லேசுல நிக்காது" என்று சொல்லிவிட்டு, பறக்க அனுமதி வாங்க ஓடினீர்கள்.

ஏழு கேனையும் ஊற்றினேன். ஒரு சொட்டு கீழே விழவில்லை. முப்பது வருடமாக எண்ணெய் ஊற்றுகிற கை சார் இது. ஊற்றி முடித்துப் பார்த்தால் இரண்டு விரல் குறைவாக நிற்கிறது. எனக்கு அது பொறுக்கவில்லை. என் வாப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் அளவு குறைந்ததாக ஒருவன் சொன்னதில்லை. நிறுத்தபிறகு ஒரு கை அள்ளிப் போடுவோம், கொசுறு என்று. உங்களுக்கு, நீங்கள் மழைக்குப் போகப்போகிற டேங்குக்கு, நான் குறைத்து ஊற்றுவதா? ஷெட்டில் எட்டாவது கேன் ஒன்று இருந்தது. அதிலிருந்து விளிம்பு தொடும் வரை ஊற்றி மூடினேன். ஒரு மூன்று லிட்டர் பிடித்திருக்கும். வழியில் கைகொடுக்கட்டும் என்று நினைத்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

அனுமதி பத்து நிமிடத்தில் வரும் என்றார்கள், பிறகு ஒரு மணி நேரம் என்றார்கள், கடைசியில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகுதான் என்றார்கள். நீங்கள் டவரிலேயே காத்துக் கிடந்தீர்கள். நான் தொழப் போனேன். விமானம் வெயிலில் நின்றது.

திரும்பி வந்தபோது இறக்கைக்குக் கீழே சிமென்ட் தரையில் ஒரு கறை. அது காய்ந்துகொண்டிருந்தது, பெட்ரோல் வாடை அடித்தது. போட்ட கொசுறுதான் போயிருக்கிறது, போகட்டும், அளவு அளவாகத்தான் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கறையின்மேல் காலால் மணலைத் தள்ளினேன். நீங்கள் ஓடி வந்து குச்சியை விட்டுப் பார்த்து, "ரெண்டு விரல், கரெக்டுங்க பாய்!" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஏறினீர்கள்.

நான்கு மணி நேரம் கழித்து இறங்கினீர்கள். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. செயலாளர் கண்முன்னால் டேங்கைக் காலி செய்து கேனில் பிடித்தோம். இரண்டு கேன் நிறைந்தது. மூன்றாவதில் பதினேழரையோடு நின்றுவிட்டது. ஊற்றியதாகக் கணக்கு நூற்று நாற்பது, குடித்தது எண்பத்திரண்டரை. நீங்கள் குழாயைத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். அவ்வளவுதான் வந்தது.

அந்த வெள்ளைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு வேறு ஏதாவது காரணம் இருந்தால் இப்போதே சொல், அடுத்த வெள்ளி மறுபடி பறக்கவிடுகிறேன் என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"பாய், எங்காச்சும் சிந்துச்சுங்களா?"

"ஒரு சொட்டுகூட சிந்தல சார்."

ஊற்றும்போது சிந்தவில்லை, அது நிஜம். ஆனால் நீங்கள் கேட்டது அதையல்ல. வெயிலில் கொசுறோடு அளவும் சேர்ந்து ஒழுகியிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேர் நிற்கும்போது, சொன்ன சொல்லை மீறினேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. நாளைக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் தலையாட்டிவிட்டு, அந்த எண்பத்திரண்டரையை உங்கள் கையாலேயே ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். செயலாளர் "கலாஸ்" என்றார், முடிந்தது என்று. மெதுவாகத்தான் சொன்னார்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் டீ கொண்டுவந்து வைப்பேன். "எங்கியோ குடிக்குதுங்க பாய். எங்கன்னுதான் தெரியல. நான் கட்டுன மெஷினு, எனக்கே தெரியல" என்பீர்கள். நாக்கு நுனியில் வந்து நிற்கும். டீ ஆறிடும் சார், குடிங்க என்பேன். இப்படி ஒரு மனிதனை எந்த ஜென்மத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? கடைசியில் விமானத்தைக் குவைத்துக்காரர் ஒருவர் வாங்கி டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார். நீங்கள் கோயம்புத்தூர் போய்விட்டீர்கள். ஏர்போர்ட்டில் என்னைக் கட்டிக்கொண்டபோதும் நான் சொல்லவில்லை.

உங்கள் வீட்டம்மா எழுதியதை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"அண்ணா, போன சித்திரையில ஒரு நாள் காலைல ஒரு கண்ணாடி ஜாடில பெட்ரோல் ஊத்தி, வாய்க்கு ரெண்டு விரல் கீழ நிறுத்தி, மொட்டைமாடி வெயில்ல வச்சுட்டுப் பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்துட்டாரு. மத்தியானம் வரைக்கும் சாப்பிடக்கூட எறங்கல. பெட்ரோல் மேல ஏறி வர்றதையே பாத்துட்டிருந்தவரு, திடீர்னு சிரிக்க ஆரம்பிச்சாரு. நான் பயந்தே போயிட்டேன். 'அன்னைக்கி மத்தியானமும் ரெண்டு விரல்தான் இருந்துது. ஏறியிருக்கோணும், ஏறல. நானும் கவனிக்கல. பாய் கொசுறு போட்டிருக்கறாரு புள்ள' அப்படின்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அந்தக் குச்சியை உங்களுக்குக் குடுத்தனுப்பச் சொன்னாரு. 'எஞ்சின் மேல தப்பில்லையாம்னு பாய்கிட்டச் சொல்லு, அவரும் நிம்மதியா இருக்கட்டும்'னு சொன்னாரு. தோது கிடைக்காம நாள் போயிருச்சு. அதுக்குள்ள அவரே போயிட்டாரு. அன்னைக்கி அவர் அவ்வளவு சிரிச்சது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

நிம்மதியா இருக்கட்டும் என்றா சொன்னீர்கள் சார்? திட்டியிருக்கலாம். ஒரு டிரங்க் கால் போட்டு, பாவி, என் மழையைக் கெடுத்துவிட்டாயே என்று கத்தியிருக்கலாம். அப்போதாவது எனக்கு அழுகை வந்திருக்கும்.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதற்கும் சிரியுங்கள். நீங்கள் கோயம்புத்தூர் திரும்பிய நாளிலிருந்து இந்தக் கடையில் டீ, எண்ணெய், எதுவானாலும் நான் இரண்டு விரல் குறைத்துத்தான் ஊற்றுகிறேன். குவைத்தில் மங்காஃபிலிருந்து வந்த மச்சான்கூட, "காக்கா, கைய இப்படி இறுக்கிட்டியளே" என்று கேலி செய்தார். ஓமானில் ரூவியில் சொந்தமாகக் கடை போட்ட தம்பி, வாப்பா பெயரைக் கெடுக்கிறாய் என்று சண்டையே போட்டுவிட்டான். கொசுறு போட என் கை எழவே மாட்டேன் என்கிறது.

நேற்று உங்கள் வீட்டம்மாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக நாலு வார்த்தை எழுதப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் குச்சியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நீங்கள் அன்றைக்கு என் பக்கம் திரும்பி, சிந்துச்சுங்களா என்று கேட்டது காதில் விழுந்தது. எழுதி, கவரில் போட்டு இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் இவ்வளவுதான் இருக்கிறது:

"தெரியும் தங்கச்சி. அன்றைக்குச் சிந்தியது. நான் பார்த்தேன்."