ஏழாம் எண் பாட்டில்

1977 பிப்ரவரி 9

காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய்விட்டது. இந்தச் செங்கல்பட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று கிளம்பியவளைச் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது அக்கா சௌந்தரவல்லி கேட்டாள்: "மூத்திரத்துல அப்படி என்னத்தடி தேடறே?"

சொன்னேன். ஒவ்வொரு செல்லிலும் ஆர்.என்.ஏ. என்று இழைகள் உண்டு. இழை உருவான பிறகு சில நொதிகள் வந்து அதன்மேல் மெத்தில் என்ற சின்னத் துணுக்குகளை ஒட்டும், தைத்த சட்டைக்குப் பொத்தான் வைக்கிற ஆள் மாதிரி. புற்றுக்கட்டியில் அந்த ஆளுக்கு வெறி பிடித்து, கண்ட இடத்திலெல்லாம் வைத்துத் தள்ளுகிறான். இழை உடைந்தால் வெறும் துணியை உடம்பு மறுபடி எடுத்துக்கொள்ளும். பொத்தான் வைத்த துண்டு உதவாது, சிறுநீரில் போய்விடும். அதை அளந்தால் உள்ளே கட்டி இருப்பது தெரியலாம்.

தெரியலாம். அவ்வளவுதான். நிச்சயமாக யாரும் சொல்லவில்லை.

"இதைச் சாப்பிடறச்சே சொல்லுவியா?" என்றாள். கேட்டது அவள்.

பிப்ரவரி 21

ஏழாம் எண்: சடையன். சதுரங்கப்பட்டினத்து மீனவர், வயது முப்பத்தெட்டு, கழுத்தில் நெறிக்கட்டிப் புற்று. வார்டில் பிடித்த முதல் பாட்டிலில் பொத்தான் துண்டுகள் நோயில்லாதவர்களைவிட மூன்று மடங்கு. அவர் கட்டிலில் கிடக்கிறார், எனக்குச் சந்தோஷம். சீ.

கதிர்வீச்சு முடிந்து வீட்டுக்குப் போனபின், மாதம் ஒரு முறை, ஒரு நாள் முழுக்கச் சேரும் சிறுநீரைப் பிடித்து அவர் மனைவி பூவாயி பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாள்.

மே 3

ஏழாம் எண் இறங்கிவிட்டது. நோயில்லாதவர்கள் அளவுக்கே!

உடம்பில் தசை எவ்வளவோ அவ்வளவு வெளியேறும் கிரியேட்டினினும் பாதியாகியிருக்கிறது. கதிர்வீச்சில் ஆள் இளைத்திருப்பார்.

ஜூன் 6

மறுபடியும் அதே அளவு. பேராசிரியர் பட்டாபிராமன் தாளை இரண்டு முறை பார்த்தார். "டிசம்பர் மாநாட்டுக்கு இந்தக் கேஸை முதல்ல வை" என்றார்.

வராந்தாவில் பூவாயி காத்திருந்தாள். "இன்னா டாக்டரம்மா, அவருக்கு நல்லாயிட்ச்சா?"

"நன்றாக இருக்கிறது" என்றேன்.

"அப்ப அவரு மாசாமாசம் ஆஸ்பத்திரிக்கு வந்து காட்ட வாணாமா? ஒரு நாள் தொழிலு போவுதும்மா."

அவசியமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 7

நான் டாக்டர் இல்லை. டாக்டரம்மா என்று கூப்பிட்டபோது ஒரு தடவையாவது மறுத்தேனா?

ஜூலை 12

பாட்டில் வரவில்லை. நானே பஸ் ஏறிப் போனேன். பத்து மணிக்குச் சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைப் பக்கம் இறங்கி, குப்பத்தில் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். பூவாயி மீன் கூடையை இறக்கிவைத்து, "செத்த இருங்க" என்று பின்பக்கம் போனாள். பாட்டிலோடு வந்தாள்.

வாங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"சடையன் எங்கே?"

"கடல்ல. இன்னும் வரல."

பாட்டிலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். அவள்தான் பேசினாள், ஒளிவுமறைவே இல்லாமல்: "விடியக்காலமே பூடறாரு. கட்டுமரத்துல பாட்டில எட்த்துகினு போவ முடியுமா? மத்தவங்க ஏறவே வுட மாட்டாங்க. நீங்க அம்மாந்தூரம் சொன்னீங்க, வெறும் பாட்டில எப்டி குடுக்கறது? புருசன் பொஞ்சாதிதான, ஒரே சோத்ததான துன்றோம்."

பஸ்ஸில் அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மே மாதத்துப் பாட்டில் அவளுடையது. ஜூனும் அவளுடையது. பெண்ணுக்குத் தசை குறைவு, கிரியேட்டினின் பாதியாகாமல் என்ன செய்யும்? முதல் வருஷத்துப் பையன்கூடக் கேட்டிருப்பானே, இது ஒரு பெண்ணுடையதா என்று. நான் கேட்கவில்லை. எண் பிடித்திருந்தது, அதனால் கேட்கவில்லை.

ஜூலை 13

பட்டாபிராமன் சாரிடம் சொன்னேன். வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "ஏழாவது வரியை அடிச்சுடு. பாக்கி பதினொண்ணு இருக்கு."

"அவரை நான் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம்னுட்டேன், சார்."

அவர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.

ஜூலை 14

மறுபடி போனேன். சடையன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு, உடனே வர வேண்டும் என்றேன். சிரித்தார். "நல்லாத்தான கீறேன்." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர்போல, கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார். எலுமிச்சை அளவு கட்டி.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசம் இருக்கும். வலிக்கல. நீங்கதான் நல்லா கீதுன்னு சொல்லிட்டீங்களாமே."

பூவாயி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 20

வார்டில் சேர்த்ததும் சடையன் பக்கத்தில் நின்று, நாள் முழுக்க நானே பிடித்தேன். நான்கு மடங்கு.

நொதி பொய் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

ஆகஸ்ட் 2

வார்டு டாக்டர், "ஜூன்லயே வந்திருந்தா…" என்று ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமலே இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 18

தூக்கமில்லை. மாநாட்டுக் கட்டுரையில் ஏழாவது வரியை அடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் பெயரில். சார் படித்தார். கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 2

நான் கேட்காமலே பூவாயி பாட்டிலோடு வந்து நின்றாள். இரண்டு பஸ் மாறி, துணியில் சுற்றி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

"இது அவருதாம்மா. நேத்து விடியறதுலேர்ந்து இன்னிக்கு விடியற வரைக்கும், முழுசா புடிச்சேன்."

"கடலுக்குப் போகலையா?"

"எங்க போறாரு. வூட்லயே கீறாரு."

வீட்டிலிருந்து வந்ததில் இதுதான் முழுமையான முதல் பாட்டில். பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது அடுத்த மாதத்துக்கு ஒரு காலி பாட்டில் கேட்டாள். கழுவித் துடைத்துக் கொடுத்தேன்.