செருப்பில் போடாத பெயர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கார்ட்டூன் தொடர் நேற்று விலைபோய்விட்டது. குழந்தையின் பெயரைத் தலைப்பாக வைக்க நான் விடவில்லை. அதனால் விலை குறைந்தது. மகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுமார்தான். பள்ளிக்கூடம் திறக்கப்போவதால் கடையில் பை வியாபாரம் பரவாயில்லை. குழந்தை போய், நீங்களும் வெளியூர் போனதிலிருந்து உங்கள் அத்தை குழந்தையின் அலமாரியைத் திறப்பதும் இல்லை, பூட்ட விடுவதும் இல்லை.

சேனல் அலுவலகத்துக்கு மகள் என்னையும் துணைக்கு அழைத்தாள். படங்களைத் திரையில் ஓடவிட்டாள். தையல் பெட்டிக்குள் குடியிருக்கும் விரலளவுப் பெண், கிழிந்ததையெல்லாம் தைத்துவிட்டு ஓடுகிறாள். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்கு நீங்கள் சொன்ன அதே கதைகள். தலைப்பு 'குண்டூசி'. நம் குழந்தை பிறந்தபோது இருந்த எடையைப் பார்த்து நீங்கள் வைத்த பெயர்.

சேனல் அம்மாவுக்குப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "இதுவே பாதி வித்துடும் சார். சின்னப் பேரு, ஒரு தடவ கேட்டா மறக்காது" என்றார். உண்மைதான். கடை வாசலில் நின்று யார் வீட்டுப் பிள்ளையாவது கார்ட்டூன் பெயரைச் சொல்லி, அதுதான் வேண்டும் என்று அழ வேண்டும். அந்த அழுகையில்தான் இத்தனை வருஷமாக நம் வீட்டில் அடுப்பு எரிகிறது.

பிறகு ஒப்பந்தத்தை நீட்டினார்கள். தலைப்பு அவர்கள் சொத்து. எதில் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம்: பை, தண்ணீர் பாட்டில், துண்டு, செருப்பு. செருப்பு என்ற இடத்தில் என் கண் நின்றுவிட்டது. நம் கிடங்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஓடி ஓய்ந்த கார்ட்டூன்களின் சரக்கு பின்சுவர் ஓரம் மூட்டையாகக் கிடக்கும். போன மாதம் ஒரு மூட்டைத் துண்டை லாரி ஷெட்காரர் எடைக்கு வாங்கிப் போனார், கிரீஸ் துடைக்க. அதில் சிரித்துக்கொண்டிருந்த முயலின் பெயர் இன்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

"அந்தப் பேரு விலைக்கு இல்லைம்மா, வேற தலைப்பு தர்றேன்" என்றேன். ஒவ்வொரு கதை முடிவிலும் பெட்டிக்குள் குதிக்கும் முன் அந்தப் பெண் சொல்வாளே, 'கிழிஞ்சா கூப்பிடு' என்று, அதைச் சொன்னேன். கதை என்னவென்று தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது, வாயிலும் நிற்கும். அந்த அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்துத் தலையாட்டினார். பக்கத்திலிருந்த கணக்கர், "செருப்புல இவ்ளோ நீளமாப் போட முடியாதே, விலை இறங்கும்" என்றார். அவர் நாற்காலியில் நான் இருந்தாலும் இறக்கியிருப்பேன்.

லிஃப்டில் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீட்ல யாரும் அவ பேரச் சொல்றதில்ல. அவரு போன்லகூடச் சொல்றதில்ல. யார் வீட்டுப் பிள்ளைங்களாவது கூப்பிடட்டும்னுதானேப்பா வரைஞ்சேன். அதையும் பேரத்துல விட்டுட்டீங்க." பேச்சில் நான் யாரிடமும் தோற்றதில்லை. நேற்று மகளிடம் தோற்றுவிட்டேன்.

அவள் கேட்டதில் தப்பில்லை, மாப்பிள்ளை. அந்தப் பெயரை யாராவது கூப்பிட்டாக வேண்டும். வீட்டுக்கு வந்து நானே சொல்லிப் பார்த்தேன். பாதிக்கு மேல் வரவில்லை. வைத்தவர் வந்து கூப்பிட்டால் ஒருவேளை எங்களுக்கும் வாய் வரும்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

பேசி முடித்தது இது: முதலில் சொன்ன விலையில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு தவணையாக. தலைப்பு 'கிழிஞ்சா கூப்பிடு'. குண்டூசி என்ற பெயர் தொடரிலும் சரக்கிலும் எங்கும் வராது. கதை உங்களுடையது என்பதால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். தபாலில் அனுப்பினால் போதும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. புருஷனும் பெண்சாதியும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நேரில் போட்டால்தான் செல்லும் என்று எழுத வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமா