முனியம்மாவின் பெயர்

ஜூலை 15, செவ்வாய். மழை விடவில்லை.

நகரத்துக்கு வெளியே இன்சீனிலிருந்து தாமஸ் அங்கிள் நான் வேலை செய்யும் சர்ச் அலுவலகத்துக்கு வந்தார். பழைய இங்கிலீஷ் கையெழுத்தில் இருக்கும் அவருடைய அப்பாவின் ஞானஸ்நானப் பதிவை நான் வாசித்துச் சொல்ல வேண்டுமாம். தன் தாத்தா ஸ்காட்லாந்து எஞ்சினியர் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவர்.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்துப் பாதிரியார் தன் ஊர் வழக்கப்படி எதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். பிள்ளை தன்னுடையதல்ல என்று எஞ்சினியர் சபை முன்னால் மறுத்தாராம். அவருடையதுதான் என்று தாய் முனியம்மா கடைசிவரை சொன்னாளாம்.

நான் தயங்கினேன். "சும்மா சொல்லும்மா," என்றார். சொல்லிவிட்டேன்.

பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அந்தம்மா பேரு என்ன சொன்னே?" என்றார்.

"முனியம்மா, அங்கிள்."

"எங்க வீட்ல ஒருத்தரும் சொன்னதில்லயே." குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் அவர் மகள், பர்மிய வழக்கப்படி பேருக்கு முன்னால் 'மா' சேர்த்து நாங்கள் கூப்பிடும் மா ரோசி, போன் செய்தாள். "அக்கா, அப்பாகிட்ட என்ன சொன்னீங்க? சுவத்துல இருந்த வெள்ளக்காரத் தாத்தா படத்தக் கழட்டிட்டாரு. அந்த எடத்துல மாட்ட முனியம்மா படம் சர்ச்சுல இருக்கான்னு கேக்கச் சொல்றாரு."

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். படம் எதுவும் இல்லை. சர்ச்சில் அவளைப் பற்றி இருப்பது அந்த ஒரு வரிதான். வாசிக்காமலே இருந்திருக்கலாமோ? அவர் காத்துக்கொண்டிருப்பார்.