நோன்பு நாளில் விழுந்த சிவப்புக் கோடு

பேகம்பூர், திண்டுக்கல்
நவம்பர் 2007

பர்ஹானா,

உன் தம்பியின் வேலையைப் பறித்தது உன் கம்பெனியில் நீ செய்த சோதனை அட்டைதான். அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் உயிரோடு இருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் உன்னையும் அல்லாஹ் சுகமாக வைத்திருக்கட்டும். உன் அத்தாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது, பள்ளிவாசலுக்கு நடந்தே போய் வருகிறார். அஸ்பாக்தான் வீட்டில் கிடக்கிறான்.

ரமலானில் அவன் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்பில் இலவச மருத்துவ முகாம் என்று வேனில் வந்து இறங்கினார்கள். இத்தனை வருடமாகத் தொழிலாளிக்கு ஒரு ரப்பர் பூட்ஸ் வாங்கித் தராத முதலாளி இலவசமாக எதைக் கொடுத்தாலும் எனக்குச் சந்தேகம்தான். சாயங்காலம் வேலை முடிந்து, நோன்பு திறப்பதற்கு முன்னாலேயே எல்லோரிடமும் சிறுநீர் வாங்கி ஆளுக்கொரு அட்டையை முக்கினார்கள். சிவப்புக் கோடு விழுந்தவர்களுக்குச் சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னி கெட்டுவிட்டது என்று சொல்லி மறுநாளே நிறுத்திவிட்டார்கள். அஸ்பாக் தன் அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். போன லீவுக்கு வந்தபோது நீ விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தண்ணீரில் கலக்கி, இந்தத் தாள் அழுக்கைக் கீழேயே நிறுத்திப் புரதத்தை மேலே ஏற்றும், தங்கத்தூள் அதைப் பிடித்துக்கொண்டு கோடாக நிற்கும் என்று பெருமையாகக் காட்டினாயே, அதே அட்டை, அதே பச்சை முனை. நீ விட்டுப்போன மிச்சம் பீரோவில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

வேலை போனவர்கள் அத்தனை பேரும் நோன்பாளிகள். அதே தோல் தொட்டியில் நிற்கிற, நோன்பில்லாத சூசைமுத்துவுக்குக் கோடே இல்லை. “ஏலே அஸ்பாக், என்னைய மாதிரி சொம்பு சொம்பா தண்ணி குடிச்சிருந்தா நீயும் பாஸ்தாம்ப்பா” என்று முதலில் கிண்டலடித்தானாம். பிறகு அவனே மேனேஜரிடம் போய், “பச்சத்தண்ணி பல்லுல படாம வெயில்ல தோலு தூக்குனவங்க சார், இன்னொரு நாளு பாருங்க” என்று கேட்டிருக்கிறான். “அட்டை பொய் சொல்லுமாய்யா, ஜெர்மன்காரன் சரக்கு” என்றாராம் அவர். பெருநாள் முடிந்து, நன்றாகத் தண்ணீர் குடிக்கவைத்து, உன் மிச்ச அட்டையில் அஸ்பாக்குக்கு நானே பார்த்தேன். கோடு விழவில்லை. வீட்டில் பார்த்தது செல்லாது என்றுவிட்டார் மேனேஜர். தோல் ஊறுகிற மருந்தில் நிற்பவனுக்கு நாளைக்கு நிஜமாகவே கிட்னி கெட்டால் முதலாளி பதில் சொல்ல வேண்டும், அதற்கு முன்பே கழித்துவிட அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். அந்தச் சாக்கைத்தான் நீங்கள் அட்டையாகச் செய்து கொடுத்திருக்கிறீர்கள். வேடசந்தூரில் அஸ்பாக்குக்குப் பேசி வைத்த பெண் வீட்டார், பையனுக்குக் கிட்னி போச்சாமே என்று ஊர் பூராவும் விசாரிக்கிறார்கள்.

போனில் கேட்டதற்கு, விற்றது கம்பெனி, எனக்கு ஒன்றும் தெரியாது என்றாய். உடனே பெருநாள் பிரியாணிக்குத் தாவினாய். தெரியாதவள் ஏன் பேச்சை மாற்ற வேண்டும்? நோன்பும் வெயிலும் சேர்ந்தால் கோடு விழும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் என் மனசு சொல்கிறது.

காலுக்குக் கம்பளி உறை போட்டுக்கொள், வெறும் ரொட்டியிலேயே காலத்தை ஓட்டாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் உண்மை பேசுகிற நாக்கையும் தரட்டும். போன் வேண்டாம். உன் ஆபீஸ் முத்திரையோடு, அந்த மேனேஜர் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிற மாதிரி எழுதி அனுப்பு: நோன்பு பிடித்து வெயிலில் உழைத்த ஒரே ஒரு மனுஷனிடமாவது சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த அட்டையை விற்றீர்களா, இல்லையா?

உன் அம்மா
சர்புன்னிசா