ஒரு வரிக்காக நான்கு வாரம்

டோக்கியோ,
பிப்ரவரி 11

அன்புள்ள வேந்தனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் நலம், குளிர்தான் விடமாட்டேன் என்கிறது. அங்கே விடுதிச் சாப்பாடும் உன் வயிறும் ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டனவா என்று நீதான் எழுத வேண்டும். போனில் கேட்டால் "நல்லாருக்கேன்மா" என்று முடித்துவிடுகிறாய், எனக்கும் போனில் பாதிதான் பேச வருகிறது. அதனால்தான் கடிதம்.

வீடு நாளுக்கு நாள் காலியாகிறது. சோபாவுக்கும் உன் பழைய மேசைக்கும் நகராட்சி வண்டி எடுத்துப்போக நாள் குறித்து வாங்கி, அதற்கான சீட்டு ஒட்டிக் கீழே இறக்கிவிட்டோம். மேசையின் அடிப்பக்கத்தில் நீ ஒட்டிவைத்த ரயில் படங்களை மட்டும் வெந்நீர் தொட்டு உரித்து எடுத்து வைத்திருக்கிறேன். சோபா போன பிறகு அப்பா தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார், எழுந்திருக்கும்போது ஒவ்வொரு தடவையும் முட்டியைத் திட்டுகிறார். அவர் மார்ச் முதல் தேதி சென்னை அலுவலகத்தில் சேர வேண்டும் என்று உனக்குத் தெரியும். மூவருக்கும் பிப்ரவரி 28-க்கு டிக்கெட் போட்டு, அன்றே வீட்டைக் காலி செய்வதாக ஜனவரியிலேயே எழுதியும் கொடுத்துவிட்டார். உன் தங்கச்சி முகிலாவின் ஆறாம் வகுப்பு நிறைவு விழா மார்ச் 22 என்பது அவர் நினைவிலேயே இல்லை. நானும் காலண்டரைப் பார்க்காமல் தலையாட்டினேன், தப்பில் எனக்கும் பங்கு உண்டு. காலி செய்யும் நாளைத் தள்ளிக் கேட்டுப் பார்த்தார், அடுத்து வருகிறவர்களுக்கு வீடு பேசி முடித்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

விழாவில் வகுப்பே எழுந்து நின்று ஆளுக்கொரு வரி சொல்வது உனக்கு நினைவிருக்கும். முகிலாவுக்கு வந்த வரி, "மலைப் பயணத்தில் மூடுபனி வந்தபோது முன்னால் போனவரின் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்" என்பது. நாம் ஊருக்குப் போகிறோம் என்றதும் அவள் அழவில்லை. ஆனால் பல் துலக்கும்போதுகூட அந்த வரியைத்தான் முணுமுணுத்தாள். போன திங்கள்கிழமை நோமுரா ஆசிரியை எழுதி அனுப்பினார், முகிலா வரமுடியாது என்றால் அந்த வரியை வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று. அப்பாவிடம் நானும் இவளும் இருந்துவிட்டு வருகிறோம் என்றேன். "ஒரு வரிக்கு ஒரு மாசமா பூங்கோதை? எங்க தங்குவ, ஸ்டேஷன்லயா?" என்றார். பதில் தெரியாமலே "இருக்கத்தான் போறோம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் குரிஹாரா அம்மாவிடம் போனேன், நம் படிக்கட்டு வீடுகளுக்குக் குப்பைமுறைப் பட்டியல் எழுதுகிறவர்தான். குப்பை வைக்கும் இடத்தைக் கூட்டும் முறை நமக்கு மார்ச் மூன்றாம் வாரம் வருகிறது, அதை இப்போதே செய்துவிடுகிறேன், நம் வேலை அடுத்த வீட்டுத் தலையில் விழக்கூடாது என்று சொல்லத்தான் போனேன். ஆனால் வாசலில் நின்றபோது தங்க இடம் வேண்டும் என்பதும் சேர்ந்தே வந்துவிட்டது. கீழ்த்தளத்தில் விருந்தினர் அறை இருக்கிறதே, அதைக் கேட்டேன். "யோசிக்கணும், முகிலா அம்மா" என்றார். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம், தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும், ஒன்பது வருடமாக நானும் அப்படித்தான் வந்திருக்கிறேன். அன்று நகரவில்லை. "யோசிச்சு எப்போ சொல்வீங்க? எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இத்தனை வருஷமா உங்களுக்கு வாயே இல்லைன்னு நினைச்சுட்டேனே" என்று விதிப்புத்தகத்தை எடுத்து வந்தார். அந்த அறையில், கட்டிடத்தில் குடியிருக்கிறவரின் விருந்தாளிதான் தங்கலாம், ஒரு வீட்டின் பேரில் ஏழு நாள்தான். "என் பேர்ல ஒரு வாரம் எழுதிக்கிறேன். மீதி மூணு வாரத்துக்கு மூணு வீடு வேணும். நான் கேட்டுத் தரமாட்டேன், நீங்கதான் கதவைத் தட்டணும்" என்றார்.

தட்டினேன் வேந்தா. முதல் மாடி ஹத்தா தம்பதி நான் முடிப்பதற்குள் சரி என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் யோசிக்கிறேன் என்றார், அவரிடம் நாள் கேட்கவில்லை, எல்லாரையும் நெருக்கக்கூடாது. நம் குக்கர் விசிலைப் பற்றித் துண்டுச்சீட்டு போட்டாரே மேல்மாடி இசோபே, அவர் கதவுக்கு முன்னால் இரண்டு முறை போய்த் திரும்பி வந்து மூன்றாம் முறைதான் மணியை அழுத்தினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த ரூம்ல அடுப்பு கிடையாதே, அப்போ விசில் வராதே?" என்றார். வராது என்றேன். "அப்போ ஒரு வாரம் என்ன, ரெண்டு வாரம்கூட எழுதிக்கலாம். விதி விடாது" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் கையெழுத்துப் போட்டார். கடைசியாக நர்ஸ் ஒகுதா. "கடைசியாத்தான் என் ஞாபகம் வந்துச்சா? என் இரட்டை வாலுங்களை உங்க பொண்ணு எத்தனை சாயங்காலம் பார்த்துக்கிட்டா!" என்று சண்டைக்கே வந்துவிட்டார். வியாழன் மாலை நான்கு கையெழுத்தையும் அப்பா முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இசோபேயுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு எங்கள் இரண்டு டிக்கெட்டையும் மார்ச் 24-க்கு மாற்றினார். வெள்ளிக்கிழமை ஆசிரியையிடம் முகிலாவே போய் வரி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்தாள். குப்பைமுறையும் நமக்கே இருக்கிறது, அந்த வாரம் முறை யாருடையது என்று காட்டும் பலகை விருந்தினர் அறைக் கதவில் தொங்கும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நீயும் நினைப்பாய். உன் ஆறாம் வகுப்பு விழாவுக்கு வந்தபோது பள்ளிக்குள் போடும் செருப்பைக் கொண்டுபோக மறந்துவிட்டேன். எல்லா அம்மாக்களும் செருப்போடு இருக்க, நான் வெறும் காலுறையோடு கடைசி வரிசையில் காலை நாற்காலிக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் உன் வரி காதில் விழவில்லை. கேட்டாயா என்று நீ கேட்டபோது நன்றாகக் கேட்டது என்று பொய் சொன்னேன். ஏழு வருடமாக அது உள்ளே கிடக்கிறது. என் பட்டமும் தபாலில்தான் வந்தது, மேடை ஏறக் கூச்சப்பட்டு நான் போகவில்லை. நம் வீட்டில் இனி யாரும் அப்படி ஒதுங்கி நிற்க வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, தேர்வுக்குப் பயப்படாதே. அப்பா வந்து இறங்கும்போது நீ விமான நிலையம் வர வேண்டாம், வகுப்பை விடாதே. எல்லாக் கடவுளும் உன் பக்கம் நிற்கட்டும். மார்ச் 22 அங்கே காலை ஆறரைக்கு எழுந்து போனை மடியில் வைத்துக்கொள், விழாவிலிருந்து கூப்பிடுகிறேன், முகிலாவின் வரியை நீயும் கேட்கலாம். உன் வரி என்னவென்று எழுதி அனுப்பு, அதை இப்போதாவது படித்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது, செருப்பை மட்டும் கைப்பையில் வைத்திருக்கிறேன். இந்த முறை முதல் வரிசை.

உன் நலமே நினைக்கும்
அம்மா பூங்கோதை