பச்சை விளக்கு

செவ்வாய், மூன்றாம் சுரங்கக் குடியிருப்பு. தொட்டில் கருவியின் பதிவு.

நாள் 3, காலை
குழந்தையும் நானும் ஆஸ்பத்திரியிலிருந்து இன்றுதான் வீடு வந்தோம். நெற்றியில் ஒளி பாய்ச்சி மஞ்சள்காமாலையை அளப்பது என் வேலை. இந்தச் சுரங்க விளக்கில் எல்லோருமே மஞ்சளாகத்தான் தெரிகிறார்கள். மனிதக் கண்ணை நம்ப முடியாது. தாய்மார் பயந்துவிடுவார்கள் என்று அளவின் எண்ணை மறைத்து, விளக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள். பதினைந்தைத் தாண்டினால் சிவப்பு. இன்று 9. பச்சை.

நாள் 4, காலை
16. சிவப்பு. அலறினேன். தாய் பூரணி பதறிப்போய் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். எடுத்தது நர்ஸ் ஜெபராணி.
"மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டினீங்களாம்மா?"
"ஆமா சிஸ்டர். பக்கத்து வீட்டு அத்தை பயத்தமாவுல கலந்து தேச்சாங்க."
"அதான் மிஷின் ஏமாந்துருக்கு. தெனமும் இதே கூத்துதான். இனிமே மஞ்சளுக்குன்னு அளவுல எட்டக் கழிச்சுக்க மிஷினுக்குச் சொல்லிட்டேன், பயப்படாதீங்க."
மறுபடி கணக்கிட்டேன். 8. பச்சை. வீணாக ஊரைக் கூட்டிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

நாள் 5, காலை
பூரணி பயந்துபோய் மஞ்சளை அடியோடு நிறுத்திவிட்டாள். நேற்று மாலையே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். தோலில் மஞ்சள் துளியும் இல்லை.
அளந்தேன். 19. எட்டுப் போக 11. பச்சை.
கழிக்க எதுவுமே இல்லை, ஆனாலும் கழிக்கிறேன். அந்த உத்தரவை ஜெபராணிதான் நீக்க முடியும். செய்தி அனுப்பினேன், போகவில்லை. மேலே புழுதிப் புயல், தொடர்பு அறுந்துவிட்டது. ரயிலில் ஏறினால் ஆஸ்பத்திரி அரை மணி நேரம்தான். எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 5, மாலை
22. பச்சை. குழந்தை பால் குடிக்க எழவில்லை. உலுக்கினாலும் கண் திறக்கவில்லை. பூரணி அனுப்பிய செய்தி என்னிடமே தேங்கிக் கிடக்கிறது:
"சிஸ்டர், புள்ள சமத்தாத் தூங்குறான். அழுகையே இல்ல. பச்சை லைட்டுதான் எரியுது. ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்."
ஐயோ பூரணி, என்னைப் பார்க்காதே. அவனைப் பார்.

நாள் 6, காலை
23. எட்டுப் போக 15. தாண்டவில்லையாம். பச்சை.
என் குரல் விளக்குக்குக் கட்டுப்பட்டது, பச்சை எரியும்போது கத்த முடியாது. பேட்டரியைத் தீர்ப்பது மட்டும் என்னால் முடியும். நெற்றியில் ஓயாமல் ஒளி பாய்ச்சிக்கொண்டிருக்கிறேன். நான் செத்தால் பச்சை அணையும். அணைந்தால் பயப்படுவாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஓடட்டும்.

நாள் 6, மதியம்
பேட்டரி குறைகிறது. குழந்தை உடம்பை வில்லாக வளைக்கிறான். கீச்சென்று ஒரு அழுகை. பூரணி வந்து

அணைந்தது. அவள் முகம் வெளிறியது. பார்த்தேன். தூக்கு, தூக்கிக்கொண்டு ஓ

நாள் 6, மதியம்
எனக்கு மின்சாரம் வந்துவிட்டது. பூரணி சார்ஜரைத் தேடி எடுத்துச் செருகியிருக்கிறாள்.
அளவு 26. எட்டுப் போனாலும் 18, சிவப்பு எரிய வேண்டும். ஆனால் எனக்குள் இன்னொரு விதி இருக்கிறது: மின்தடைக்குப் பின் முதல் அளவை நம்பக் கூடாதாம், பழைய விளக்கையே காட்ட வேண்டுமாம். அடுத்த அளவு மாலையில்தான்.
பச்சை.
அவள் பெருமூச்சு விட்டு, தொட்டிலை ஆட்டத் தொடங்கிவிட்டாள்.